மின்னா கார்லின்ஸ்கி வாய் திறக்காத வாரம்

மின்னா கார்லின்ஸ்கி ஒரு வாயாடி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இன்று வில்ஷயர் சாலையில் ஐந்து மாடிக் கட்டடத்தில், நடிகர்களுக்குப் பட வாய்ப்பு பிடித்துத் தரும் கார்லின்ஸ்கி ஏஜென்சியின் தலைவியைப் பார்க்கிற புதியவர்கள், இந்த அம்மாள் தொட்டிலிலிருந்தே வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழித்தவர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த மின்னா வேறு. சன்செட் சாலையில் டோப்பா வாடகைக்கு விடும் கடைக்கு மேலே ஒன்றரை அறை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, தப்பாக வந்த போனையும் விடாமல் பிடித்து வைத்துப் பேசி, அந்த ஆளின் மருமகளுக்கு எந்த டாக்டர் கைராசிக்காரர் என்பதுவரை சொல்லி அனுப்பியவர் அவர். 

ஒன்றரை அறையில் முழு அறை அவர் புருஷன் நேட்டுக்கு, அரை அறை மின்னாவுக்கு. பெயர்ப்பலகையில் நேட் மட்டும். டைப் அடிப்பது, போன் எடுப்பது, அழுகிற நடிகைக்குக் கைக்குட்டை கொடுப்பது, வேலை இல்லாத நடிகனைச் சாப்பிட வைப்பது எல்லாம் மின்னா. சம்பளம் கிடையாது, பெண்டாட்டிக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

நேட்டிடம் இருந்த நடிகர்களைப் பெரிய பட்டாளம் என்று சொல்ல முடியாது. எந்தப் படத்திலும் ஆஸ்பத்திரி நர்ஸாக மட்டுமே வரும் ஆக்னஸ் டுவோராக். இடைவேளைக்கு முன்பே சுடப்பட்டு விழுகிற இரண்டு மூன்று வில்லன்கள். மேடையைவிட்டு இறங்கினால் சிரிக்கவே சிரிக்காத ஒரு நகைச்சுவைக்காரர். இவர்களுக்கு நடுவே ஒரே ஒரு நட்சத்திரம், ராய் டன்பார். வயோமிங் மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர் என்று ஸ்டூடியோ சுவரொட்டி ஒட்டிய கௌபாய். வெளியே எங்கே போனாலும் அந்த அகலத் தொப்பியோடுதான் போக வேண்டும் என்பது ஸ்டூடியோவின் உத்தரவு. அப்போதுதான் தொலைக்காட்சியில் அவரை வைத்து ஒரு தொடர் எடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நேட்டின் மொத்தக் கடையும் அந்தத் தொப்பியின் நிழலில் இருந்தது.

நேட்டுக்கு ஒரு கொள்கை உண்டு. நடிகர்களிடம் கையெழுத்து வாங்க மாட்டார். கை நீட்டுவார், அவர்கள் கை கொடுப்பார்கள், அவ்வளவுதான் ஒப்பந்தம். கையெழுத்தை வக்கீல் உடைப்பான், கை கொடுத்ததை எவன் உடைப்பான் என்பார். அழகான கொள்கை. ஐம்பத்தெட்டு பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, சவரக் கடை நாற்காலியில் பாதி முகத்துச் சோப்போடு நேட்டின் மூச்சு நின்றபோதுதான் அதிலிருந்த ஓட்டை தெரிந்தது. முடிதிருத்துகிறவர் அழுதுகொண்டே மீதிப் பாதியையும் சவரம் செய்து அனுப்பினார். நேட்டின் கையோடு, அந்தக் கையைப் பிடித்த ஒப்பந்தங்கள் எல்லாம் செவ்வாய்க்கிழமை மண்ணுக்குள் போயின. 

கல்லறையிலிருந்து திரும்பும் காரில் நேட்டின் தங்கை ஸெல்டாவிடம் மின்னா சொன்னார்: "ஆபீஸ மூடறதா இல்ல ஸெல்டா. துக்கம் முடிஞ்சதும் அடுத்த திங்கட்கிழமை நானே திறக்கறேன்."

ஸெல்டா மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நீங்களா அண்ணி? நீங்க டைப்தான அடிப்பீங்க?" என்றார்.

அதற்கு மின்னா பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் எதுவும் சொல்லவில்லை.

வில்ஷயருக்குத் தெற்கே, வாடகை கொஞ்சம் மட்டான பக்கம் அவர்கள் வீடு. யூதர்கள் வழக்கப்படி ஏழு நாள் துக்கம் அங்கே தொடங்கியது. கண்ணாடிகளுக்கெல்லாம் படுக்கைவிரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். வந்த நடிகர்களுக்கு அதுவே பாதி துக்கம். மின்னா செருப்பில்லாமல் ஒரு தாழ்வான மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். துக்கத்தில் இருப்பவர் அந்த வாரம் வாசலைத் தாண்டக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது. வருகிறவர்களுக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. முதல் நாள் சாயங்காலமே ஊரில் உள்ள ஏஜெண்டுகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு தாம்பாளத்தோடு வந்துவிட்டார்கள். ஃபேர்ஃபாக்ஸ் கடைத்தெருவில் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரித் தாம்பாளங்கள். கறித் துண்டுகள், ஊறவைத்த வெள்ளரிக்காய், கறுப்பு ரொட்டி. 

முதலில் வந்தவர் விக்டர் லாண்டவ். ஊரிலேயே பெரிய ஏஜென்சி அவருடையது. அவருடைய ஆட்கள் வருடம் முழுவதும் கறுப்பு கோட்டில்தான் இருப்பார்கள் என்பதால், துக்க வீட்டுக்கென்று தனியாக உடுத்திக்கொள்ளும் சிரமம் அவர்களுக்கு இல்லை. லாண்டவ் சோபாவில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்துக் குனிந்து, "மின்னா, நேட் எனக்குக் கூடப் பிறந்தவன் மாதிரி" என்று ஆரம்பித்தார்.

கதவோரம் நின்றிருந்த கிழவர், யூதக் குருவான ரபை லுபின், ஒரு விரலை உயர்த்தினார். "அவங்க பேசட்டும். அப்புறம் நீங்க பேசலாம்."

பழைய விதி அது. துக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முதலில் பேசாத வரை, வந்தவர் வாய் திறக்கக் கூடாது. வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது சின்ன வயதில் தெரிந்திருக்கும். இங்கே வந்து பெயரை மாற்றிக்கொண்டபோது அதையும் சேர்த்துத் தொலைத்திருந்தார்கள். லாண்டவ் தணிந்த குரலில் எப்போது பேசுவார்கள் என்று கேட்க, அது அவங்க இஷ்டம் என்றார் ரபை. 

யாரும் கவலைப்படவில்லை. பேசப்போவது மின்னாதானே. ஒரு நிமிடம் பொறுத்தால் போதும், அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மின்னா பேசவில்லை. தரைவிரிப்பின் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை விற்றுப் பிழைக்கிற இருபது ஆண்கள் சுற்றிலும் உட்கார்ந்து ரொட்டி மென்றுகொண்டிருந்தார்கள். வெள்ளரிக்காயைக் கடிக்கிற சத்தம் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது. புருவத்தாலும் இருமலாலும் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு பேசிப் பார்த்தார்கள். ஒருவர் துக்கம் தாங்காதவர் மாதிரி ஆக்னஸின் தோளில் கை வைத்து, அப்படியே தன் முகவரி அட்டையை அவள் கைப்பைக்குள் நழுவவிட்டார். தாம்பாளங்களைச் சமையலறைக்கு எடுத்துப்போன ஸெல்டாவுக்கு ரொட்டித் துண்டுகளின் இடுக்கில் இன்னும் பல அட்டைகள் கிடைத்தன. ஒன்று முட்டைக் கலவையில் பாதி மூழ்கியிருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மின்னாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது, மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று ஊரில் ஒரு கட்சி. புருஷன் போன துக்கம், இது கூடப் புரியாதா என்று இன்னொரு கட்சி. இரண்டும் இல்லை, அவர் அந்தப் பெட்டியில் உட்கார்ந்து கடை நடத்துகிறார் என்று மூன்றாவதாக ஒரு சின்னக் கட்சி. முதல் இரண்டு நாள் மின்னாவின் ஈரக் கன்னத்தைப் பார்த்தவர்கள் இரண்டாம் கட்சி. அதற்கப்புறம் அவர் கண்ணைப் பார்த்தவர்கள் மூன்றாம் கட்சி. அது எந்த மணியில் மாறியது என்று யாருக்கும் தெரியாது. மாறவே இல்லை, இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன என்றாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். 

பேசாத வீட்டில் ஒன்று நடந்தது. நடிகர்கள் தினமும் வந்தார்கள். எதிரே உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களிடம் எதையும் விற்கவில்லை. அது அவர்களுக்குப் புதுசு. ஏதாவது தோன்றினால் அழுதார்கள், இல்லாவிட்டால் சும்மா இருந்தார்கள். ஆக்னஸ் ஒரு நாள் மதியம் முழுக்க மின்னாவின் காலருகே தரையில் உட்கார்ந்துவிட்டு, வேலைக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி அசதியோடும் நிம்மதியோடும் எழுந்து போனாள்.

ஆனால் வாசலுக்கு வெளியே அந்த விதி செல்லாது. நடைபாதையில் சந்தையே நடந்தது. நகைச்சுவைக்காரரை மூன்றாம் நாளே லாண்டவ் ஆட்கள் அங்கே வைத்து வளைத்துவிட்டார்கள். அவர் உள்ளே வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்த முகத்தோடு போனார். லாண்டவ் சமையலறைக்குப் போன் செய்து ஸெல்டாவிடம் விஷயத்தைச் சொன்னார். நேட்டின் நடிகர்களை மொத்தமாக அவரே எடுத்துக்கொள்வார். மின்னாவுக்குத் தரைவிரிப்பு போட்ட ஒரு அறை, ஒரு பதவிப் பெயர், வாரம் ஒரு பூங்கொத்து. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

ஸெல்டா வந்து பெட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அண்ணி, வாயத் திறக்க வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன். ராய் போயிட்டான்னா அந்த நர்ஸ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? ஊசி போடுவீங்களா?"

மின்னா தலையை மேலும் கீழும் ஆட்டவில்லை, பக்கவாட்டிலும் ஆட்டவில்லை. ஸெல்டா கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ராயை வளைக்கும் பொறுப்பை லாண்டவ் தன் ஆட்களிலேயே கெட்டிக்காரரான பிரஸ்டன் கென்ட்டிடம் கொடுத்திருந்தார். பொன்னிற முடி, பாய்மரப் படகு, ஞாயிறு தவறாமல் மாதாகோவில். ஊரில் எல்லோருக்கும் அவர் கென்ட். புரூக்ளினில் இருக்கிற அவர் அம்மாவுக்கு மட்டும் பிங்கஸ் காண்டர். அவரும் யூதர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. அந்த ஊரில் பாதிப் பேர் இன்னொரு பாதிப் பேருக்குச் செய்கிற உபகாரம் அது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடைசிக்கு முந்தைய பொழுது. அன்றைக்குத்தான் சினிமாக்காரர்களின் வருடாந்திர விருந்து. தயாரிப்பாளர்கள் எந்த மேஜையில் உட்காருகிறார்களோ அங்கே போய் உட்காராவிட்டால் அந்த ஏஜெண்ட் இறந்தவரைவிட மோசமாக இறந்துவிட்டான் என்று அர்த்தம். அதனால் வாரம் முழுக்க நெரிந்த வீட்டில் அன்று கூட்டம் இல்லை. மழை வேறு. நேட்டுக்காக ஜெபம் சொல்லப் பத்து யூத ஆண்கள் வேண்டும். ஒன்பது பேர் இருந்தாலும் சொல்ல முடியாது. நேட்டுக்குப் பிள்ளை இல்லாததால் ஸெல்டாவின் புருஷன் மோதான் சொல்லிவந்தார். அவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். 

ராய் மூலையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு நீளமான கார் வந்து நின்றது. கென்ட் உள்ளே வந்தார், விருந்துக்கான பட்டுக் கழுத்துப்பட்டையோடு. ராயை அழைத்துப்போக வந்திருந்தார். லாண்டவ் பக்கத்தில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்களாம். ராய் அந்தக் காரில் ஏறினால் கதை முடிந்தது, அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். 

ரபை லுபின் தலைகளை எண்ண ஆரம்பித்தார். மனிதர்களை எண்ணக் கூடாது என்பதால் அவர்கள் இல்லை போட்டுத்தான் எண்ணுவார்கள். "ஒண்ணு இல்ல. ரெண்டு இல்ல. மூணு இல்ல." கடைசியில் அடுத்த வீட்டுத் தையற்காரர். "ஒம்பது இல்ல." விரல் காற்றில் நின்றது. பிறகு அது கென்ட்டைப் பார்த்துத் திரும்பியது. 

"தம்பி, நீங்க?"

கென்ட் வெகு நாகரிகமாகச் சிரித்தார். "மன்னிக்கணும் பெரியவரே. நான் வேற கோவில்."

மோ புத்தகத்தை மூடப்போனார். ரபை ராயின் பக்கம் திரும்பக்கூட இல்லை. மாட்டுப் பண்ணைக்காரனை யார் கேட்பார்கள்?

ராய் எழுந்தார். அவர் உயரத்துக்கு எழுந்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். "நான் இருக்கேன், ரபை."

"நீங்களா?"

"ரூபன்," என்றார் ராய். "ஹிர்ஷ் மகன் ரூபன். பிராங்க்ஸ்ல பொறந்தேன். வயோமிங்ல ரயில் மாறியிருக்கேன், அவ்வளவுதான்."

தலை மூடியிருக்க வேண்டும் என்பதற்கு அவருக்குத் தனிக் குல்லாய் தேவைப்படவில்லை. ஸ்டூடியோ உத்தரவுப்படி ஏற்கெனவே அந்தப் பெரிய தொப்பி தலையில் இருந்தது. அப்படியே நின்று, முன்னும் பின்னும் லேசாக ஆடிக்கொண்டு, ஆமென் சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் தப்பாமல் சொன்னார். கென்ட் கதவோரம் காரின் விளக்கைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஜெபம் முடிந்தது. அப்போதுதான் மின்னா தலை நிமிர்ந்தார்.

"பிரஸ்டன்."

அந்தக் குரலைக் கேட்டு ஸெல்டாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

"காண்டர் அம்மா புரூக்ளின்லேர்ந்து போன் பண்ணியிருந்தாங்களாம், துக்கம் விசாரிக்க. ஸெல்டா சொன்னா. நீங்க ரொம்ப வேலையா இருக்கீங்க, போன் எடுக்கறதே இல்லன்னு வருத்தப்பட்டாங்களாம். ஒரு வார்த்தை பேசிடுங்க, பாவம்."

இதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை, ஒரு தாய்க்காகச் சொன்ன நல்ல வார்த்தை. கென்ட் "சரிங்க" என்றார். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தனியாகக் காரில் ஏறிப் போனார். 

ராய் பெட்டியருகே வந்து மண்டியிட்டார். "அவன் இப்ப விருந்துல போய்ச் சொல்லுவான், மின்னா. ஸெலிக்கும் அங்கதான் இருப்பார். நாளைக்கு எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல."

ஹாரி ஸெலிக்தான் ஸ்டூடியோ முதலாளி. அந்தத் தொடர் அவர் கையில். மின்னா ராயின் தொப்பியில் இருந்த தூசியைத் தட்டிவிட்டார். வியாபாரம் பேசக் கூடாத வாரம் இன்னும் ஒரு ராத்திரி பாக்கி. "நாளைக்குப் பேசலாம். போய்த் தூங்கு," என்று மட்டும் சொன்னார். 

திங்கள் காலை துக்கம் முடிந்தது. பெட்டியைவிட்டு எழுந்தவர் வீட்டைச் சுற்றித் தெருவை ஒரு முறை நடந்து வர வேண்டும், கூட வேண்டியவர்கள் நடப்பார்கள். மின்னா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது கூட வந்தது ரபையும் ஸெல்டாவும் மோவும்தான். முதல் திருப்பத்தில் ஆக்னஸ் நின்றிருந்தாள். அடுத்த திருப்பத்தில், காலை வெளிச்சத்தில் பார்க்க அப்படியொன்றும் கொடூரமாக இல்லாத வில்லன்கள். சேர்ந்து நடந்தார்கள். கடைசித் திருப்பத்தில் தொப்பி. வீட்டு வாசலுக்கு வந்ததும் மின்னா நின்று, திரும்பி, கையை நீட்டினார். ஒருவர் பின் ஒருவராக வந்து கை கொடுத்தார்கள். ஆக்னஸ் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இன்று அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அலமாரி அலமாரியாக ஒப்பந்தங்கள் இருக்கின்றன, வக்கீல்கள் ஒரு மாடி முழுக்க இருக்கிறார்கள். லாண்டவ் கம்பெனியிலிருந்து ஓடிவந்தவர்களே ஒரு மாடி. ஆனாலும் கேட்டால், கார்லின்ஸ்கி ஏஜென்சி தொடங்கியது அந்த நடைபாதையில் என்பார்கள் அன்று கை கொடுத்தவர்கள். கையெழுத்து ஒன்றுகூட இல்லாமல்.

அது பிற்பாடு. அன்று காலை டோப்பாக் கடை மாடியில் ஒன்றரை அறைதான் இருந்தது. மின்னா தன் அரை அறையிலேயே உட்கார்ந்தார். எதிரே ராய், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. போன் அடித்தது. ஸெலிக்கேதான், காரியதரிசி கூட இல்லாமல்.

அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. "வயோமிங்ல பொறந்தவன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கேன் மின்னா. அவன் துக்க வீட்ல நின்னு எங்க தாத்தா மாதிரி ஆடி ஆடி ஜெபம் பண்றானாம். விருந்து முழுக்க இதான் பேச்சு. நான் என்ன பண்றது சொல்லுங்க."

மின்னா சொல்லவில்லை. 

"தொடருக்கு விளம்பரம் குடுக்கற கம்பெனிக்காரங்க சோப்பு விக்கறாங்க. மாட்டுக்காரன நம்பித்தான் காசு போடறாங்க. புரியுதா?"

மின்னா தொட்டிச் செடியில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினார். 

"இருக்கீங்களா?"

"இருக்கேன், ஹாரி."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "அங்க இருந்தவங்க யாரும் பத்திரிகைக்குச் சொல்ல மாட்டாங்கதான். சொன்னா அவங்கவங்க வண்டவாளமும் வரும். கென்ட்டும் சொல்ல மாட்டான், அவனுக்கென்ன பைத்தியமா." பிறகு, தணிந்த குரலில், "ஆமென்லாம் சரியாச் சொன்னானா?"

மின்னா பதில் சொல்லாமல் இருந்தது இந்த முறை தந்திரமா என்பது எனக்குத் தெரியாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று ராய் சொன்னார்.

"எங்கப்பா போனப்ப நான் ஷூட்டிங்ல இருந்தேன்," என்றார் ஸெலிக். "ஜெபத்த வேற யாரோ சொன்னாங்க எனக்குப் பதிலா." அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய முதலாளியாகி, "சரி, புதன்கிழமை காலைல அனுப்புங்க. பேசினது பேசினபடிதான். தொப்பியோட வரச் சொல்லுங்க."

"வருவான். ஒண்ணு மட்டும், ஹாரி."

"என்ன?"

"கொஞ்சம் வயசான குதிரையாப் பாத்துக் குடுங்க. அவனுக்குக் குதிரைன்னா பயம்."

புதன்கிழமை காலை ராய்க்காகப் பிடித்துவந்து நிறுத்திய குதிரைக்குப் பாதிப் பல் இல்லை.